மிலாறு சுமப்பவளுக்குச் சிக்கனப் பாடம்

சில மாதங்களுக்கு முன்னர், ஹட்டன் நகரில் தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கென நடந்த பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். குடும்பச் செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பது பொருள். நடத்திய அமைப்பின் பெயர் இங்கு அவசியமில்லை. அவர்களது எண்ணம் நல்லதுதான். கொழும்பிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர், வரவை ஒரு பக்கமும் செலவை மறுபக்கமும் எழுதுமாறு கூறி ஆளுக்கொரு கொப்பியும் கொடுத்தார். பின்வரிசையில் இருந்த பெண் ஒருவர் எழுந்தார்.

"எங்க செலவக் கடை மொதலாளியே எழுதி வச்சிருக்காருங்க சார். நாங்களும் எதுக்கு எழுதணும்?"

மண்டபம் சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மதிய இடைவேளையில், மேடையில் இருந்தவர்கள் பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ப் போத்தல்களை அந்தப் பெண்கள் ஒன்றுவிடாமல் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோக உதவுமாம்.

நானும் லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும், வீண்விரயம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் அடுப்படியே நினைவுக்கு வருகிறது. அங்கே எதுவும் ஒரே பிறவியோடு முடிந்ததில்லை. சேலை பழசானால் தொட்டில். தொட்டில் நைந்தால் கூடைக் கயிறு தலையில் அழுத்தாமல் இருக்கச் சும்மாடு. அதுவும் கிழிந்தால் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. கோதுமை மா வந்த துணிப் பை தலையணை உறையாகும், எங்களுக்குக் காற்சட்டையுமாகும். இரவில் மிஞ்சிய ரொட்டி காலையில் மலைக்குப் போகும். தேத்தண்ணியில் சீனியைக் கரைப்பதில்லை; உள்ளங்கையில் சிறிது வைத்துக்கொண்டு நாவால் தொட்டுத் தொட்டுக் குடிப்போம். ஒரு கரண்டிச் சீனியில் நான்கு பேர் குடித்து முடிக்கலாம். அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு, சாம்பல் மரக்கறிப் பாத்திக்கு. விறகுக்கு மிலாறு, அதாவது, கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் தேயிலைக் கிளைகள். அவற்றைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள்.

இவற்றையெல்லாம் இப்போது நகரத்து நண்பர்கள் வியந்து பேசுகிறார்கள். 2022 இல் கொழும்பில் எரிவாயு கிடைக்காமல் அடுக்குமாடி வீட்டு முற்றங்களில் விறகடுப்பு மூட்டியபோது, எளிய வாழ்வின் மேன்மை குறித்துக் கட்டுரைகள் வந்தன. அவற்றில் இரண்டொன்றை நானே செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அடுப்புக்கு முன்னால் ஒரு முழுநாள் வேலை இருப்பதை அக்கட்டுரைகள் கண்டுகொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஏழரை மணிக்கு மலையில் நிற்கிறாள். மாலை நிறுவை முடிந்த பின்னர்தான் விறகு, தண்ணீர், துணி, இராச் சாப்பாடு. காசாகக் கொடுக்க முடியாததை அவள் உறக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

உறக்கத்திலிருந்து மட்டுமா? எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். ரொட்டி ஐந்து என்றால் அப்பாவுக்கு இரண்டு, எங்களுக்கு ஒவ்வொன்று, அவருக்கு மிச்சம் உள்ளது. 1974 ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அம்மா விவரித்தபோதெல்லாம் அவர் என்ன சாப்பிட்டார் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. தோட்டத்துப் பெண்களின் இரத்தச் சோகையைப் பற்றிச் சுகாதாரத் துறையினர் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். நாம் மெச்சும் சிக்கனத்தின் ஒரு பகுதி அந்த உடம்பிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

"சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்" என்ற பேச்சை நான் எத்தனையோ மேசைகளில் கேட்டிருக்கிறேன். அதில் உண்மையே இல்லை என்று மறுக்கமாட்டேன். சம்பளத்தன்று தவறணைக்குப் போகும் பாதை எங்கள் அப்பாவுக்கும் நன்கு தெரிந்திருந்தது. மனைவி ரொட்டியில் மிச்சப்படுத்தியதை கணவன் ஒரே மாலையில் தொலைத்த வீடுகள் உண்டு. தீபாவளிக்கு முற்பணம் வாங்கி மாதக்கணக்கில் கழிய விடுவதும், சாமத்தியச் சடங்குக்கு நகையை அடகு வைத்து வட்டிக்குள் மூழ்குவதும் நம்மிடம் உள்ள குறைகளே. ஆனால் இந்தப் பேச்சு ஆணின் குடியைக் காட்டி மறுப்பது எவளுடைய கூலியை? கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டு 2015 இல் எழுந்த கோரிக்கை, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. அடுத்த ஆண்டே விலைவாசி அதை விழுங்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 95 வீதத்தை நெருங்கியது. 2024 இல் 1,350 ரூபா. 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் 200 ரூபாவும் என்று 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 22 நாள் வேலை கிடைத்தால் 38,500 ரூபா. ஊழியர் சேமலாப நிதி, சந்தா, கோயில், தேயிலைத் தூள், முற்பணம் எல்லாம் கழித்த பிறகு கைக்கு வருவது வேறு தொகை. அதிலும் அன்றைய நிறை குறைந்தால் 'பேர்' விழாது, அரைப்பேர்தான். 2021 இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். செடி தளிர்க்காத மலையில் எத்தனை மணிநேரம் நின்றாலும் கூடை நிறையாது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு எவரும் சிக்கனப் பயிலரங்கு நடத்தியதாகத் தெரியவில்லை.

சிக்கனமாக இருப்பதற்கே கையில் முதல் வேண்டும் என்பதையும் வசதியுள்ளவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாதத்துக்கு வேண்டிய பருப்பை நான் ஒரே தடவையில் மலிவாக வாங்குகிறேன். கடன் கொப்பியில் வாங்குபவள் நூறு கிராம், ஐம்பது கிராம் என்று வாங்குகிறாள். ஒவ்வொரு சிறு பொட்டலத்திலும் அவள் என்னைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறாள். கடன் இருப்பதால் வேறு கடைக்கும் போக முடியாது. இதற்குக் கொப்பி மருந்தல்ல. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு ஓரளவுக்கு மருந்து. அந்தச் சீட்டுக் காசில் மாவையும் பருப்பையும் மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால், அதுவே சின்னக் கூட்டுறவுக் கடைதான்.

இன்னொன்று தராசு. நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். சாக்கின் எடை, இலையின் ஈரம் என்று கழிவு போடுகிறார்கள். கழிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடவைக்கு ஒரு கிலோ வீதம் மூன்று தடவை கழிந்தால் 3 கிலோ. 20 கிலோ பறிக்க வேண்டிய நாளில் அது நூற்றுக்கு 15. சீனியை நாவால் தொட்டு எத்தனை மாதம் மிச்சம் பிடித்தால் அது ஈடாகும்? ஈரமில்லாத வெயில் நாளிலும் அதே கழிவுதானா என்பதை யாராவது மடுவத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பயிலரங்கு நடத்தியவர்களுக்கு இதை எழுதி, அடுத்த வகுப்பைக் கொழுந்து மடுவத்திலேயே வைக்கலாமே, நிறுப்பவரையும் அழைக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.