தாத்தா, காசா?

சரளி, ஜண்டை, அலங்காரம், பிறகு மலஹரியில் கீதம். பாட்டு கற்கும் குழந்தைக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் இப்படியே போகிறது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இத்தனை காலத்திலும் அந்தக் குழந்தை சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பாடுவதில்லை. தாளம் மட்டும் தொடையில் விழுந்துகொண்டே இருக்கிறது.

பிள்ளைகளைப் பாட்டு எழுதவிடுங்கள் என்றால் பாட்டு டீச்சர்கள் சிரிக்கிறார்கள். சுருதியே நிற்கவில்லை, அதற்குள் வாக்கேயக்காரரா? நான் கேட்பது அவ்வளவு இல்லை: மெட்டு தயாராக இருக்கட்டும், வார்த்தையைக் குழந்தை போடட்டும். முத்துசுவாமி தீட்சிதரே செய்த காரியம்தான். மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாடுகிறோம். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அம்பாளைக் கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர்.

என் விருப்பம் சுவராட்சரம். சுவரமும் சாகித்தியத்தின் எழுத்தும் ஒன்றாகவே வருவது. வித்வான்களுக்கு அது சாமர்த்தியம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. மோகனத்தில் ஐந்தே சுவரம்: ச, ரி, க, ப, த. இவற்றை வைத்து வார்த்தை பிடி என்றால் தாத்தா வருவார், பாப்பா வருவாள், பின்னாலேயே காசும் வரும். ‘தாத்தா, காசா? சரி, பாப்பா.’ த த க ச, ச ரி, ப ப. எட்டு சுவரம், ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். (காசாவின் ‘கா’வும் காந்தாரத்தின் ‘க’வும் ஒரே ஒலியா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.)

பாடும்போதுதான் வில்லங்கம். அட்சரத்துக்கு ஒரு சுவரம் என்று நீட்டினால் ‘சரி’ போய் ‘சாரீ’ ஆகிவிடும். காசு தர வந்த தாத்தா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்! பிள்ளைகள் சிரித்து ஓயட்டும். பிறகு, சரியை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர்களையே கேட்க வேண்டும். இரண்டும் குறில், ஒரே அட்சரத்தில் இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த அட்சரத்தைச் சும்மா விடலாம் என்று எவளாவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ் வகுப்பில் ஒப்பித்தது அப்போதுதான் காதில் ஏறும். இரண்டாம் காலம் என்ன என்பதும் கூடவே புரிந்துவிடும்.

நவராத்திரிக்குள் ஒரு கிருதி வேண்டும் என்று நச்சரிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், தெரியும். இந்த விளையாட்டுக்கு வகுப்பு முடியும்போது பத்து நிமிஷம் போதும். ஆதி பழகியதும் அதே வரியை ரூபகத்துக்கு மாற்றச் சொல்லலாம். ஆறே அட்சரத்தில் தாத்தாவிடம் காசு வாங்குவது இன்னும் கஷ்டம்.