இரண்டு நிமிட நடனம், ஒரு வார பரீட்சை: லோசான் பாலே போட்டியில் உண்மையில் எதற்கு மார்க்?

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வாரம் இது நடக்கும். உலகின் பல நாடுகளில் இருந்து வந்த சுமார் 80 டீன் ஏஜ் பிள்ளைகள், உடையில் நம்பர் குத்திக்கொண்டு, ஒரு பெரிய அறையில் கைப்பிடிக் கட்டையைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி நிமிர்வார்கள். மெதுவாக, திரும்பத் திரும்ப. எதிரே மேஜை போட்டு நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

யூடியூபில் லைவ் பார்ப்பவர்களில் பலர் இந்த இடத்தை ஸ்கிப் செய்துவிடுவார்கள். இறுதிச் சுற்றில் விளக்கு வெளிச்சத்தில், பளபள உடையில் ஆடும் அந்த இரண்டு நிமிடம்தானே வைரல் ஆகும்? ஆனா ‘பிரீ த லோசான்’ எனப்படும் இந்தப் போட்டியில் பலருடைய தலையெழுத்து, யாரும் பார்க்காத அந்த முழங்கால் மடக்கலிலேயே முடிவாகிவிடுகிறது.

அப்படி ஏன் விதி வைத்தார்கள்?

தொடங்கியது யார், எதற்காக?

1973ல் இந்தப் போட்டியைத் தொடங்கியவர் நடனக் கலைஞர் அல்ல, ஒரு தொழிலதிபர். பெயர் பிலிப் பிரவுன்ஷ்வைக். அவருடைய மனைவி எல்வீர்தான் நடனக் கலைஞர். திறமை இருந்தும் நல்ல பள்ளிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு அந்த வழியைத் திறப்பதுதான் இருவரின் யோசனை. அதனால்தான் இங்கே முக்கியப் பரிசு கோப்பையோ ரொக்கமோ இல்லை. உலகின் முன்னணி பாலே பள்ளி ஒன்றில் ஓராண்டு உதவித்தொகையோடு படிக்கலாம், அல்லது ஒரு தொழில்முறைக் குழுவில் பயிற்சிக் கலைஞராகச் சேரலாம். எங்கே போவது என்பதைப் பட்டியலில் இருந்து ஜெயித்தவரே தேர்ந்தெடுக்கிறார்.

பரிசு இப்படி இருப்பதால் நடுவர்களின் கேள்வியும் மாறிவிடுகிறது. ‘இன்றைக்கு யார் நன்றாக ஆடினார்’ என்பதைவிட, ‘இந்தப் பிள்ளை மேல் இன்னும் ஓராண்டு செலவழித்தால் எங்கே போய் நிற்கும்’ என்பதையே பெரிதாகப் பார்க்கிறார்கள். விதிகள் எல்லாம் இந்தக் கேள்வியில் இருந்துதான் கிளைக்கின்றன.

கணக்கு பல முறை சரியாக வந்திருக்கிறது. கார்லோஸ் அகோஸ்டா 1990ல் இங்கே தங்கம் வென்றபோது வயது 16. ஹவானாவின் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன். பின்னாளில் லண்டன் ராயல் பாலேயின் நட்சத்திரம், இப்போது பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் இயக்குநர். டயானா விஷ்னேவா, அலினா கொஜோகாரு, டார்சி பஸ்ஸல், கிறிஸ்டோபர் வீல்டன் ஆகியோரும் இந்த மேடையில் பரிசு வாங்கியவர்கள்தான்.

15 முதல் 18 வரை: ஏன் இந்த வயசு?

போட்டியாளருக்கு 15 முதல் 18 வயதுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு குழுவில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டவருக்கு இடமில்லை.

பாலே குழுக்கள் 18, 19 வயதிலேயே ஆள் எடுக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு 40ஐத் தொடும் முன்பே மேடை வாழ்க்கை முடிந்துவிடும். ஆகவே 15 முதல் 18 வரையிலான மூன்று, நான்கு ஆண்டுகள் பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் குறுகலான பாலம் மாதிரி. நம் ஊரில் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் சேர்ந்து வருகிற அதே வயசு. ஒரு வித்தியாசம், இங்கே ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல அதிக வாய்ப்பில்லை.

அதே வயதில்தான் உடம்பும் வேகமாக மாறுகிறது. உயரம் கூடும், எடை கூடும், போன மாதம் சரியாக வந்த சுழற்சி இந்த மாதம் தடுமாறும். அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் இந்தப் பரீட்சை.

வீடியோவில் முதல் வடிகட்டல்

விரும்பியவர்கள் எல்லாம் நேராக லோசானுக்குப் போய் நிற்க முடியாது. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வீடியோ அனுப்ப வேண்டும். சில நூறு பேர் அனுப்புவார்கள், அதில் இருந்து சுமார் 80 பேருக்கு அழைப்பு போகும்.

வீடியோ என்றதும் அலங்கார உடை, மேடை விளக்கு, நாலு கேமரா என்று நினைக்க வேண்டாம். வகுப்பறைப் பயிற்சிகளும், சமகால நடனம் கொஞ்சமும்தான் கேட்கிறார்கள். கால் எந்தக் கோணத்தில் திரும்புகிறது, பாதம் எப்படித் தரையை விட்டு எழுகிறது, இசைக்குக் காது கொடுக்கிறாரா என்பது தெரிந்தால் போதும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு எடுக்கிற வீடியோவும் இதுவும் நேர் எதிர். பத்து முறை சுற்றுவதை எடுத்துக் காட்டுவதைவிட, இரண்டு முறை சுற்றிச் சுத்தமாக நிற்பது இங்கே எடுபடும்.

பாலேயின் அடிப்படையே ‘டர்ன்-அவுட்’, அதாவது இடுப்பு மூட்டில் இருந்து காலை வெளிப்புறமாகத் திருப்புவது. அரைமண்டியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வலி தெரியும். இடுப்பில் இருந்து திரும்பாமல் முழங்காலையும் பாதத்தையும் முறுக்கி ஏமாற்றலாம். ஃபோட்டோவில் தெரியாது. வகுப்பு வீடியோவில் பத்து விநாடியில் மாட்டிக்கொள்வார்கள்.

லோசானில் அந்த ஒரு வாரம்

வந்து சேர்ந்த பிறகு தினமும் கிளாசிக்கல் வகுப்பு, சமகால நடன வகுப்பு, தனிப் பயிற்சி. இறுதிச் சுற்றுக்கு சுமார் 20 பேரைத் தேர்வு செய்யும்போது மேடை மதிப்பெண்ணோடு வகுப்பு மதிப்பெண்ணும் சேர்கிறது. பல போட்டிகளில் இல்லாத விஷயம் இது. நடுவர்கள் பெரும்பாலும் முன்னாள் நட்சத்திரங்களும் குழு இயக்குநர்களும்தான். கலைத்தன்மை, உடல் பொருத்தம், துணிச்சல், தனித்தன்மை, இசைக்குக் காட்டும் கற்பனை, அசைவில் வேறுபாடு காட்டும் திறன், கட்டுப்பாடு ஆகியவற்றை அவர்கள் பார்க்கிறார்கள். ‘எத்தனை சுற்று’, ‘எவ்வளவு உயரம்’ என்று எங்கும் எழுதியிருக்காது.

தனிப் பயிற்சி நேரம்தான் இந்த வாரத்தின் சுவாரஸ்யமான பகுதி. மாணவர் ஒரு வருஷமாக ஆடிப் பழகிய நடனத்தை, அன்றுதான் முதல்முறை பார்க்கிற பயிற்சியாளர் நிறுத்தி, ‘கையை இப்படி வை, இந்த இசையில் ஒரு நொடி காத்திரு’ என்பார். பழகிய உடம்பு கேட்காது. உடனே மாற்றிக் காட்டுகிறவர்கள் உண்டு. தலையாட்டிவிட்டு மறுபடி பழைய மாதிரியே ஆடுகிறவர்களும் உண்டு. ஓராண்டு உதவித்தொகை கொடுக்கப் போகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது இந்த இடத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு சோதனை மேடையே. லோசானின் போலியூ அரங்கம் சரிவு மேடைக்குப் பெயர் போனது. பின்பக்கம் உயர்ந்தும் பார்வையாளர் பக்கம் தாழ்ந்தும் இருக்கும். ஐரோப்பாவின் பழைய ஓபரா அரங்குகளில், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும் நடனம் முழுசாகத் தெரிய இப்படிக் கட்டினார்கள். தட்டையான தரையில் மட்டுமே பழகியவர் இங்கே விரல் நுனியில் சுற்றினால் உடல் முன்பக்கம் இழுபடும். அதற்கென்று எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப் பழக வேண்டும். ஒரு வாரத்தில்.

எதை ஆடலாம் என்பதற்கும் விதி உண்டு

ஒவ்வொருவரும் இரண்டு தனி நடனங்கள் ஆட வேண்டும். ஒன்று கிளாசிக்கல், ஒன்று சமகாலம். இரண்டும் போட்டி நிர்வாகம் தருகிற பட்டியலில் இருந்துதான். ‘என் டீச்சர் எனக்காகவே அமைத்தது’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சமகால நடனங்கள் கோயோ மொன்டேரோ, வெய்ன் மெக்ரிகர் போன்ற பெயர்பெற்ற நடன இயக்குநர்களுடையவை. எல்லோரும் ஒரே பட்டியலில் இருந்து ஆடுவதால் ஒப்பிடுவது சுலபம். அதே நடனம் முப்பதாவது முறை வரும்போது ஒரு நடுவரை நிமிர்ந்து உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

‘ஜிசெல்’ பாலேயின் முதல் அங்கத்தில் வரும் தனி நடனம் பலர் எடுப்பது. ஒற்றைக் காலின் விரல் நுனியில் மேடைக்குக் குறுக்கே தாவித் தாவிப் போக வேண்டும். கடினம்தான், ஆனா அதைவிடக் கடினம் வேறு. ஜிசெல் இதயம் பலவீனமான ஒரு கிராமத்துப் பெண். நடனத்தின் மேல் உள்ள ஆசையில் அம்மா சொல்வதைக் கேட்காமல் ஆடுகிறாள். தாவல்களை எண்ணுகிற முகத்தோடு ஆடினால் அந்தப் பெண் காணாமல் போய்விடுவாள். அத்தனை தாவலும் சரியாக விழுந்தும் இறுதிச் சுற்றுக்குப் போகாதவர்கள் இப்படித்தான் கோட்டை விடுகிறார்கள்.

அப்போ எப்படித் தயாராவது?

ஒரு தனி நடனத்தை மட்டும் ஆயிரம் முறை ஆடித் தேய்ப்பது இந்தப் போட்டிக்கு உதவாது. லோசானுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள், வாரத்துக்கு ஆறு நாள் வகுப்பில் இருப்பவர்கள். பெண்கள் விரல் நுனிக் காலணி போடுவதையே, எலும்பும் கணுக்காலும் பலப்பட்ட பிறகு, பொதுவாக 11, 12 வயதில்தான் நல்ல ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். போட்டிக்கு அனுப்பும் அவசரத்தில் இதை முன்னுக்கு இழுப்பது ஆபத்து. கிளாசிக்கல் மட்டும் தெரிந்து, தரையில் உருண்டு எழும் சமகால நடனத்தை வேண்டாவெறுப்பாகக் கற்றவர்களும் இங்கே சிக்குவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் மார்க் உண்டு.

எடை பார்க்கும் இயந்திரம்

உடல்நலம் பற்றிய விவரங்களையும் போட்டியாளர்கள் கொடுக்க வேண்டும். அபாயகரமாக மெலிந்திருப்பவரை மேடையேற்றிக் கைதட்டக் கூடாது என்பது நோக்கம். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கலாம், எலும்பு அடர்த்தி குறையலாம், சின்னச் சின்ன எலும்பு விரிசல்கள் வரலாம். விளையாட்டில் ஏற்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பெயரே வைத்தது. எலும்பு அடர்த்தியை உடம்பு சேமிக்கிற வயதும் இதே டீன் ஏஜ்தான். இப்போது விட்டதைப் பிறகு முழுசாகப் பிடிப்பது கஷ்டம்.

ஆனா போட்டியின் விதிக்கு ஒரு எல்லை இருக்கிறது. வாசலில் வந்து நிற்கிற நாளின் நிலைமையைத்தான் அது பார்க்கும். அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் பயிற்சிக்கூடத்துக்குள் என்ன நடந்தது என்பது அதன் கைக்கு எட்டாது. 2019ல் வியன்னா ஸ்டேட் ஓபராவின் பாலே அகாடமி மீது புகார்கள் கிளம்பி, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எடையைக் குறைக்க மாணவர்கள் புகைபிடிக்கத் தூண்டப்பட்டார்கள் என்றுகூட அந்தக் குழுவின் அறிக்கை சொன்னது. உலகப் புகழ்பெற்ற அரங்கின் பள்ளியிலேயே இந்த நிலை. மேலே சொன்ன மதிப்பீட்டு அளவுகோல்களில் ‘உடல் பொருத்தம்’ என்ற வார்த்தையும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஒல்லியை எச்சரித்துக்கொண்டே மறுபக்கம் ஒரு குறிப்பிட்ட உடல்வாகை மதிப்பிடும் துறை இது. அந்த முரண் இன்னும் தீரவில்லை.

இந்தியாவில் இருந்து போக முடியுமா?

எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், விதியில் தடையில்லை. தடை அதற்கு முன்பே இருக்கிறது. அகோஸ்டாவுக்குப் பின்னால் கியூபாவின் இலவச அரசு பாலே பள்ளி இருந்தது. தென் கொரியாவில் இருந்து 1985ல் காங் சூ-ஜின் இங்கே பரிசு வென்றார். அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 2025ல், முதல் பரிசே கொரியாவின் 16 வயது மாணவர் ஒருவருக்குப் போனது. நடுவில் அந்த நாட்டில் பள்ளிகளும் ஆசிரியர்களும் ஒரு தலைமுறையாக வளர்ந்திருந்தார்கள். ஜப்பானின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இந்தியாவில் அப்படி ஒரு ஏணி கிடையாது. டெல்லியைச் சேர்ந்த, இ-ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவரின் மகனான கமல் சிங் பாலே கற்கத் தொடங்கியதே 17 வயதில். 2020ல் லண்டனில் உள்ள இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது, கட்டணத்தைப் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் கட்ட வேண்டியிருந்தது. அசாத்தியமான சாதனைதான். ஆனா லோசானின் கணக்குப்படி, அவர் முதல் வகுப்புக்குப் போன வயதில் மற்றவர்கள் கடைசி வாய்ப்பில் இருப்பார்கள்.

பரிசு வாங்காதவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இறுதிச் சுற்றுக்கு வராதவர்களை உலகெங்கும் இருந்து வந்திருக்கும் பள்ளி, குழு இயக்குநர்கள் பார்ப்பதற்கென்றே ஒரு தனி நிகழ்வு நடத்துகிறார்கள். அங்கேயே இடம் கிடைத்து ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. அதற்கும் இயக்குநர்கள் பார்ப்பது ஒரு வகுப்பைத்தான், அதே கைப்பிடிக் கட்டையில் இருந்து தொடங்கி.