விருந்தில் முடிந்த ஊதியத் தகராறு

தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களின் 2019 வேலைநிறுத்தம் சுமுகமாக முடிந்தது என்போர் உண்டு. பணம் கிடைத்துவிட்டது, பிறகு நீதிமன்றம் எதற்கு என்பது அவர்கள் வாதம். ஊதியம் உரிமையா, கொடையா என்ற கேள்வியையே மறைத்துவிடும் வாதம் அது.

அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் உழைத்ததற்கான ஊதியம் அவர்களுக்கு வரவில்லை. அவர்கள் தம்மைத் தாமே பணிநீக்கம் செய்துகொண்டதாக முதலமைச்சர் சந்திரசேகர ராவ் அறிவித்தார். செயப்படுபொருளை எழுவாயாக்கி, நீக்கியவரை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடும் தொடர் அது! செப்டம்பர் ஊதியத்தைக் கொடுக்குமாறு உயர்நீதிமன்றம் கூறியது. கையிருப்பு 7.5 கோடி ரூபாய்தான், தேவையோ 200 கோடிக்கு மேல் என்றது கழகம். நவம்பர் 18 அன்று தகராறு தொழிலாளர் ஆணையரிடம் அனுப்பப்பட்டது. ஒரு வாரத்தில் சங்கங்கள் போராட்டத்தைக் கைவிட்டன.

டிசம்பர் 1 அன்று, பணிமனைக்கு ஐவர் என அழைக்கப்பட்டோருக்குப் பிரகதி பவனில் விருந்து. வேலைநிறுத்த நாள்களுக்கும் ஊதியம் உண்டு என்றார் முதல்வர். சங்கத் தேர்தல் இரண்டாண்டுகளுக்கு இல்லை என்பதும் அப்போதைய அறிவிப்பே. இது இரண்டிற்கும் இடையிலான பண்டமாற்றா என்று கேட்கும் அதிகாரத்துடன் அங்கே எவரும் இல்லை.

பலர் சார்பில் நடக்கும் உரிமையியல் வழக்கில், நீதிமன்ற அனுமதியற்ற சமரசம் செல்லாது. அனுமதிக்கு முன் அக்கறையுள்ளோர்க்கு அறிவிப்புத் தர வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976இல் சேர்ந்த விதி இது. தொழில் தகராறுச் சட்டத்தின் 18(3) பிரிவோ, சமரச நடவடிக்கையில் எட்டப்படும் உடன்பாடு கையெழுத்திடாத ஊழியரையும், பின்னர் வேலைக்குச் சேர்பவரையும் கட்டுப்படுத்தும் என்றது. நீதிபதியின் ஒப்புதலை அது கேட்கவில்லை. டிசம்பர் அறிவிப்புக்கு அந்தச் சமரச நடவடிக்கைகூட வேண்டியிருக்கவில்லை.

இதே ஹைதராபாத்தின் சத்யம் நிறுவன மோசடியில், அமெரிக்க முதலீட்டாளர்களுக்கான 12.5 கோடி டாலர் சமரசத்தை நியூயார்க் நீதிமன்றம் ஆராய்ந்த பின்னரே 2011இல் ஏற்றது. இந்தியாவும் 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் பங்குதாரர்களுக்குக் குழுவழக்கு உரிமை தந்தது. நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் அத்தகைய வழக்கு இல்லை.

நீதிமன்றம் நுழைந்தால் விவகாரம் இழுபடும் என்பது பொய்யன்று. ஆனால், சர்ச்சையற்ற நிலுவையை உடனே வழங்கச் சொல்லிவிட்டு, ஊழியர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை மட்டும் ஆட்சேபங்களைக் கேட்டபின் முடிவு செய்யலாமே.