குடலிலே ஒரு தூதன்

பரீட்சை நெருங்கும் வேளையில் வயிறு கலக்குகிறதென்று பிள்ளை முறையிட்டால், படிப்பதற்குக் கள்ளம் செய்கிறான் என்று வீட்டார் கூறிவிடுவதுண்டு. ஒருநாள் வயிற்றோட்டம், மறுநாள் மலச்சிக்கல், இடையிடையே வலி என்று மாதக்கணக்காக அல்லற்படும் தாய்மாருக்கும் இதே கதிதான். வைத்தியர் குருதியைச் சோதிக்கிறார். குடலுக்குள் குழாய் செலுத்தி நோக்குகிறார். புண்ணுமில்லை, கட்டியுமில்லை. உடனே, "எல்லாம் மனப்பிரமை" என்று அயலார் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்புப் பிழையானது. எரிச்சற்குடல் நோய் எனப்படும் இது மெய்யான நோயே. இதனை விளங்கிக்கொள்ள நமக்கு உதவும் பொருள்களுள் ஒன்று செரற்றோனின்.

இத்தாலிய அறிஞர் விற்றோரியோ எர்ஸ்பாமர் 1930ஆம் ஆண்டுகளில், குடற்சுவரிலுள்ள சில கலங்களிலிருந்து தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு என்ரரமீன் என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரிலே றப்போட், கிறீன், பேஜ் என்னும் மூவர், குருதிக்குழாய்களைச் சுருக்கும் பொருளொன்றைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்துச் செரற்றோனின் என்றனர். இரண்டும் ஒன்றே என்பது 1952இல் தெளிவாயிற்று. இன்று பலர் இதனை மூளைக்கே உரிய பொருளாக எண்ணுகின்றனர். ஆயினும், உடலிலுள்ள செரற்றோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை இருப்பது குடலிலேதான்.

அங்கு அதன் தொழில் யாது? உண்ட உணவு குடற்சுவரை அழுத்தும்போது அக்கலங்கள் செரற்றோனினை வெளிவிடுகின்றன. அது அருகிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்ட, குடற்றசை அலையலையாகச் சுருங்கி உணவை முன்தள்ளுகிறது. வேலை முடிந்ததும், அதனை மீள உள்ளிழுக்கும் புரதமொன்று அவ்விடத்தைத் துப்புரவாக்குகிறது. இவ்வொழுங்கு குலைந்தால் துன்பம் தொடங்கும். தூண்டுதல் மிகுந்தால் வயிற்றோட்டமும் வலியும் உண்டாகலாம். குறைந்தால் மலம் தங்கலாம். எனினும், எல்லா நோயாளரிடமும் இக்குறை ஒரே வகையாகக் காணப்படுவதில்லை. வேறு காரணங்களும் உள.

குடலிலுள்ள செரற்றோனின் குருதி வழியே மூளைக்குள் நுழைவதில்லை. நரம்புகளே செய்தியைக் கொண்டு செல்கின்றன. அதே பாதையால் மூளையின் அச்சமும் கவலையும் குடலை வந்தடைகின்றன. ஆகவே, கவலை நோயை மிகுவிப்பது உண்மை. அதனால் நோய் பொய்யாகிவிடாது.

இத்தூதனைத் தடுக்கும் மருந்துகளும் தோன்றின. வயிற்றோட்டத்தால் வருந்தும் பெண்களுக்கென அலோசெற்றோன் என்னும் மருந்தை 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதித்தது. சிலருக்குக் கடும் மலச்சிக்கலும், குடலுக்குச் செல்லும் குருதி குன்றியதால் அழற்சியும் ஏற்படவே, அவ்வாண்டு நவம்பரிலேயே அது மீளப் பெறப்பட்டது. 2002இல் கடும் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. ஒரு நோய்க்கெனத் தடுக்கப்படும் பொருள் உடலில் வேறு பல பணிகளையும் ஆற்றுவதென்பதை நாம் மறத்தலாகாது. தாமாக மருந்து வாங்கி உண்பது தகாது.

மலத்துடன் குருதி செல்லல், காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம் ஆகியவை தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாடுக. அவை எவையும் இன்றி, சோதனையிலும் ஏதும் அகப்படாதவிடத்து, வலிக்கிறது என்பவரின் சொல்லை வீட்டார் நம்புதல் வேண்டும். நம்பப்படாத கவலையும் அந்தக் குடலையே சென்று வருத்தும்.