கமிட்டி வந்தது, ரிப்போர்ட் வந்தது, சட்டம் எங்கே?

"அதான் கமிட்டி போட்டு ரிப்போர்ட்டும் வாங்கியாச்சே, இன்னும் என்ன சார் பிரச்னை?"

வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள் பற்றிப் பேச்சு வந்தால் தில்லியில் நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கமிட்டி என்ன சொன்னது, அதில் எது நடந்தது, எது கிடப்பில் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் கொஞ்சம் பார்த்தேன். கோபம் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 2007ல் தில்லி போலீஸ், வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு போட்டது. அதில் இருந்த அறிவுரைகள் என்ன தெரியுமா? உடம்பு தெரிகிற மாதிரி உடை வேண்டாம். மூங்கில் குருத்து, அகூனி மாதிரி வாடை அடிக்கும் சமையலை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் செய்துகொள்ளுங்கள். அகூனி என்பது நாகாலாந்துக்காரர்கள் சமையலில் சேர்க்கும் புளிக்க வைத்த சோயா. நம் வீட்டுக் கருவாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடிப்பவனுக்கு ஒரு கையேடும் இல்லை, அடி வாங்குகிறவனுக்கு மட்டும் எப்படிச் சமைப்பது, எப்படி உடுத்துவது என்று பாடம்!

அப்புறம் 2014 ஜனவரி 29. அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த நிடோ டானியா என்ற மாணவர், லஜ்பத் நகரில் ஒரு கடையில் வழி கேட்கப் போனார். அவருடைய தலைமுடியைக் கேலி செய்தார்கள். தகராறாகி அடித்தார்கள். போலீஸ் வந்தது, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் சமரசம் பேசி அனுப்பியது. மறுநாள் அந்தப் பையன் செத்துப்போனான். அவன் ஒரு எம்.எல்.ஏ.வின் மகன். எம்.எல்.ஏ. மகனுக்கே இந்தக் கதி என்றால் முனிர்காவில் ஒற்றை அறையில் மூன்று பேராகத் தங்கி கால் சென்டருக்குப் போகிற பெண்ணுக்கு என்ன கதி?

அந்த 'சமரசம்' என்ற வார்த்தையை மறந்துவிடாதீர்கள். மொத்தப் பிரச்னையும் அதற்குள் இருக்கிறது.

தில்லியே கொந்தளித்தது. மத்திய உள்துறை அமைச்சகம் 2014 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. பெஸ்பருவா தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. ஜூலையில் அறிக்கை வந்துவிட்டது. நம் நாட்டுக் கமிட்டிகளின் வேகத்துக்கு இது புல்லட் ரயில். அறிக்கையும் சோடையில்லை. முக்கியமாகச் சொன்னவை:

1. இந்திய தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்று இரண்டு புதிய பிரிவுகள் வேண்டும். இனத்தின் பேரில் தாக்கினாலோ இழிவுபடுத்தினாலோ முதலாவதில் ஐந்து வருஷம் வரை சிறை. சொல்லாலும் சைகையாலும் அவமானப்படுத்தினால் இரண்டாவதில் மூன்று வருஷம் வரை.

2. போலீஸ் நேரடியாக வழக்கு எழுதும்படி, எளிதில் ஜாமீன் கிடைக்காதபடி அந்தக் குற்றம் இருக்க வேண்டும். 60 நாளில் விசாரணையும் 90 நாளில் வழக்கும் முடிய வேண்டும்.

3. போலீசில் தனிக் கவனிப்பு, வடகிழக்கு இளைஞர்களைப் படையில் சேர்ப்பது, இலவச சட்ட உதவி, பாடப் புத்தகத்தில் அந்த மாநிலங்களின் வரலாறு.

இதில் நடந்தது எது? மூன்றாவது. தில்லி போலீசில் வடகிழக்கு மக்களுக்கென்று சிறப்புப் பிரிவு வந்தது. 1093 என்று உதவி எண் வந்தது. ஆள் எடுத்தார்கள், வழக்கறிஞர்களை நியமித்தார்கள். நல்ல காரியங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. நடக்காதது முதலும் இரண்டும்.

அதாவது, அரசாங்கம் சுலபமானதை எடுத்துக்கொண்டு கஷ்டமானதை விட்டுவிட்டது. தனி ஜன்னல் திறந்தார்கள். ஆனால் அடி வாங்கினவன் ராத்திரி பதினோரு மணிக்குப் போய் நிற்பது பக்கத்துத் தெரு ஸ்டேஷனில். அங்கே டியூட்டியில் இருப்பவர் எதை எழுதுகிறார், எதை எழுதாமல் விடுகிறார் என்பதில்தான் வழக்கின் தலையெழுத்து இருக்கிறது. அவர் கையில் புதுச் சட்டம் எதையும் கொடுக்கவில்லை.

"இருக்கிற சட்டம் போதாதா?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விவரம். ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது பழைய 504ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் அதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. டைரியில் ஒரு வரி எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சரி, இனத்தைக் குறிப்பிடும் 153ஏ இருக்கிறதே? அது இரண்டு கூட்டத்துக்கு நடுவே பகை மூட்டுகிறவனுக்கானது. தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்து 'சிங்கி' என்று கத்துகிறவனுக்கு அது சரியாகப் பொருந்தாது. பொருத்தினாலும் வழக்கு நடத்த அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். ஆகவே கடைசியில் கைகலப்பு, காயம், சமரசம். இனம் என்ற வார்த்தை காகிதத்திலிருந்து காணாமல் போய்விடும்.

இதைச் சரிசெய்ய ஒரு பொன்னான வாய்ப்பு வந்தது. 2023 டிசம்பரில் தண்டனைச் சட்டத்தையே மொத்தமாக மாற்றி பாரதிய நியாய சன்ஹிதா என்று நிறைவேற்றினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமல். பெஸ்பருவா கேட்ட இரண்டு பிரிவுகளும் அதில் இல்லை. அவமானத்துக்கு 352, பகைக்கு 196 என்று நம்பர்தான் மாறியது, குணம் மாறவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதுச் சட்டத்தில் 103(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். கொடுங்காயத்துக்கும் அதே போல 117(4). நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்க வந்தவர்கள் நாலு பேர் என்றால்? எலும்பு உடையாமல் முகத்தில் துப்பிவிட்டுப் போனால்? 2020 மார்ச்சில் கொரோனா என்று கத்தி வடகிழக்குப் பெண்கள் மேல் துப்பினார்களே, அது எந்தப் பிரிவில் வரும்? இனவெறியை நம் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் ஐந்து பேர் சேர வேண்டும், எலும்போ உயிரோ போக வேண்டும். நிடோவின் கதை ஒரு கேலியில்தான் ஆரம்பித்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று கேட்கலாம். லண்டனை எடுத்துக்கொள்வோம். 1993 ஏப்ரலில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின இளைஞனை பஸ் ஸ்டாப்பில் குத்திக் கொன்றார்கள். போலீஸ் சொதப்பியது. மெக்ஃபர்சன் தலைமையிலான விசாரணைக் குழு 1999ல் 70 பரிந்துரைகள் தந்தது. லண்டன் போலீசில் இனவெறி அமைப்பிலேயே ஊறியிருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. அதில் ஒரு பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது: பாதிக்கப்பட்டவரோ பார்த்தவரோ இது இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை இனவெறிச் சம்பவம் என்றே பதிவு செய்ய வேண்டும். உண்மையா பொய்யா என்பது அப்புறம் விசாரணையில் தெரியட்டும். 2012ல் அந்தக் கொலைக்கு இரண்டு பேர் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் போலீஸ் திருந்திவிட்டதா? இல்லை. 2023ல் இன்னொரு ஆய்வறிக்கை அதே குற்றச்சாட்டை மறுபடி சொன்னது. ஆனால் அப்படி அளந்து பார்க்க அங்கே பதிவேடு இருக்கிறது.

அமெரிக்காவில் ஃபெர்குசன் ஊரிலும் அதுதான். 2015ல் அவர்கள் நீதித்துறை எண்ணிக் காட்டியது: மக்கள்தொகையில் கறுப்பர்கள் 67 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். எண்ணினால்தானே தெரியும்? நம் தேசியக் குற்றப் பதிவேட்டின் வருடாந்திர அறிக்கையில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இனவெறிக் குற்றத்துக்குக் கிடையாது.

நம் நாட்டிலோ எல்லாம் தலைகீழ். முதல் நாளே "இதில் இனக் காரணம் ஏதும் இல்லை" என்று அதிகாரிகள் பேட்டி கொடுத்துவிடுகிறார்கள். 2025 டிசம்பரில் டேராடூனில் திரிபுரா மாணவர் ஒருவர் கத்திக்குத்தில் இறந்தபோதும் இதே பாட்டுத்தான் கேட்டது.

சரி, இதில் தமிழர்களாகிய நமக்கு என்ன வந்தது? நிறைய வந்தது. கர்மா தோர்ஜி என்பவர் தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரச்னையைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும், அது முடிந்தால் மாதம் ஒரு முறை கூட வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் வழக்கு மறுபடி வந்தபோது, ஒன்பது வருஷத்தில் 14 தடவைதான் கூடியது என்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. அதே நாளில் நீதிபதிகள் வேறொன்றையும் கவலையோடு குறிப்பிட்டார்கள். தில்லியில் கேரளத்துக்காரர் ஒருவரை லுங்கி கட்டியதற்காகக் கேலி செய்தார்கள் என்ற செய்தி. வடகிழக்குக்காரர்களின் வழக்கில் நம் லுங்கி வந்துவிட்டது, பார்த்தீர்களா? இன்றைக்கு மூங்கில் குருத்து, நாளைக்குப் பெருங்காயம். நான் தில்லி வந்த புதிதில் ஒரு வீட்டு ஓனர் கருவாட்டு வாசனைக்காகவே என்னைக் காலி செய்யச் சொன்னார். 2025 ஜூனில் ஜங்புராவில் இடித்துத் தள்ளிய தமிழர் குடியிருப்புக்குப் பெயரே 'மதராசி கேம்ப்' தான்.

இத்தனை பட்டும் நாம் என்ன செய்கிறோம்? இருபது வருஷத்தில் நம்மவர்கள் பலர் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் வீடு வாங்கி ஓனர்களாகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் புரோக்கரிடம் மாமா போடும் முதல் கண்டிஷன்: "அந்த நார்த் ஈஸ்ட் பொண்ணுங்க வேண்டாம்பா, ராத்திரி லேட்டா வருவாங்க." நம் வீட்டுப் பெண் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து எத்தனை மணிக்கு வருகிறாள் மாமா?

"நம்மூரில் மட்டும் வடக்கன் என்று சொல்லவில்லையா?" இதுவும் கேட்பார்கள். சொல்கிறார்கள். அது தப்புத்தான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, தமிழகப் போலீஸ் மறுப்புச் சொல்லி, உதவி எண் கொடுத்து, வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கும். அந்தப் பயம் உண்மையான பயம். அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சட்டம் வடகிழக்குக்கு மட்டுமான சலுகையாக இருக்கக்கூடாது. திருப்பூரில் பீகாரிக்கும், லஜ்பத் நகரில் அருணாச்சலக்காரனுக்கும், செங்கோட்டையில் லுங்கி கட்டியவனுக்கும் ஒரே சட்டம் வேண்டும்.

"சட்டம் போட்டால் பொய் வழக்குப் போடுவார்கள்" என்பது அடுத்தது. வரதட்சணைச் சட்டம் முதல் எல்லாவற்றுக்கும் சொன்னதுதான். பொய்யா நிஜமா என்று பார்ப்பதற்குத்தான் விசாரணையும் கோர்ட்டும். எழுதவே மறுப்பது அதற்கு மருந்தில்லை.

கடைசியாக, நம்மால் ஆகக்கூடிய சில விஷயங்கள்.

கண்ணெதிரே நடந்தால் 112க்குப் போன் பண்ணுங்கள், சாட்சியாக நில்லுங்கள். புகார் எழுதும்போது அவன் வாயிலிருந்து வந்த வசவை அப்படியே, அதே வார்த்தையில், எழுதச் சொல்லுங்கள். 'தகாத வார்த்தை' என்று பொதுவாக எழுத விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையை எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், இலவசமாக நகல் வாங்கலாம். எழுத மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். இதெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை.

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் எம்.பி.க்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. அடுத்த தடவை பொன்னாடையோடு ஒரு மனுவும் கொடுக்கட்டும்: பெஸ்பருவா கேட்ட பிரிவுகளை நியாய சன்ஹிதாவில் சேர்க்கச் சொல்லுங்கள், இனவெறிப் புகார்களைத் தனியாக எண்ணி வருஷாவருஷம் வெளியிடச் சொல்லுங்கள், கண்காணிப்புக் குழு எப்போது கூடியது என்று சபையில் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர் போகிறார்கள். எட்டு வடகிழக்கு மாநிலங்களும் சேர்ந்து அனுப்புவதே 25 பேர்தான். அவர்களுக்காக நாம் கேட்டால் சபையில் காதில் விழும். நாளைக்கு நமக்காக அவர்கள் கேட்பார்கள்.