படம் எடுப்பதற்கு முன்

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. ஸ்டூடியோக்காரர் தந்த கோட்டை அணிந்து, மிடுக்காக நிற்கிறார். மேல்விஷாரத்து டேனரியில் 40 ஆண்டுகள் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று தோல் பதனிட்டவர் அவர். சுண்ணாம்பு அரித்த அவருடைய கைகளை மட்டும் படத்தில் காண முடியாது. அவை கோட்டுப் பைகளுக்குள் மறைந்திருக்கின்றன. காரணம் கேட்டேன். "அந்தக் கையை யார் பாக்கணும் கண்ணு?" என்றார் பாட்டி.

அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. உழைப்பவரின் கை படத்திற்கு ஏற்றதன்றோ? ஏழைகளை யாரும் படம் எடுத்ததே இல்லையா? எடுத்திருக்கிறார்கள். ஆனால் எப்படி எடுத்தார்கள் என்பதே கேள்வி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்த மக்களைக் கூட்டமாக அமர்த்திப் படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் பஞ்சத்தின் சாட்சியாக நின்று நம் நெஞ்சை உலுக்குகின்றன. ஆயினும், பசித்தவரைப் படம் எடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்ற கண்டனமும் அவர்மேல் எழுந்தது. அப்படங்களில் உண்மை உண்டு. பரிவு உண்டா என்பதுதான் ஐயம்.

உண்மையும் பரிவும் ஒருங்கே அமைந்த படங்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு. மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார், மீன் விற்கும் தம் தாயையே படம் எடுத்தவர். கழிவுநீர்க் குழியில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களையும், கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களையும் எடுத்தார். தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் பெற்றார். அவர் படங்களில் இருப்போர் நம் இரக்கத்தை யாசிப்பதில்லை. நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். தம் வீட்டாரைப் பார்க்கும் கண்ணோடு அவர் பிறரையும் பார்த்ததே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

அன்புத் தோழியரே! இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. பண்டிகைப் புத்தாடையையும் பிரியாணித் தட்டையும் நாம் படம் எடுக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் மணலாய்க் கிடக்கும் பாலாற்றையும், டேனரிக்குப் புறப்படும் அப்பாவையும், பீடி சுற்றும் அம்மாவையும் நாம் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்? எடுக்கும் முன் மூன்று காரியங்கள் செய்வோம். பெயரைக் கேட்போம், அனுமதி கேட்போம், எடுத்த படத்தை முதலில் அவரிடமே காட்டுவோம்.

பீடி சுற்றிக் காய்த்துப்போன பாட்டியின் கைகளைப் படம் எடுக்க நான் அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. காத்திருக்கிறேன். அவர் மனமுவந்து கைகளை நீட்டும் நாளில், அப்படம் தாத்தாவின் படத்திற்குப் பக்கத்தில் இடம்பெறும்.