எடைக்குப் போடாதீர்கள்

திருச்சியில் முப்பத்தாறு வருடம் சைக்கிள் பிரேம் கட்டினேன். முறிந்து வந்ததை ஒட்டிக் கொடுத்தேன். கண் மங்கியதும் பட்டறையை மூடிவிட்டேன். இப்போது விடிகாலையில் காவிரிப் பாலத்துப் பக்கம் நடக்கப் போகிறேன். கார்பன் சைக்கிளில் கூட்டமாக வரும் பிள்ளைகள் டீக்கு நிற்கும்போது என்னோடு பேசுவார்கள். வண்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டி, “உங்க காலத்து சைக்கிள் வெறும் இரும்புப் பாரம் தாத்தா, அதோட காலம் முடிஞ்சுபோச்சு” என்பார்கள். கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார். மாடிப்படிக்குக் கீழே நிற்கும் அப்பாவின் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட இந்த ஒரு பேச்சே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் மிதிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கும் சரியில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: எடை குறைந்தால் வேகம் கூடும்

1972 அக்டோபர் 25. மெக்சிகோ நகரத்தில் சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் மிதித்து உலக சாதனை படைத்தார். இத்தாலியின் எர்னஸ்டோ கொல்னாகோ அவருக்காகக் கட்டிய பிரேம் இரும்புக் குழாயில் செய்தது. பிரேக்கும் கியரும் இல்லாத ஓடுதள சைக்கிள் அது. மொத்த எடை ஆறு கிலோவுக்கும் கீழே. இன்றைய பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. இரும்பால் இலகுவாகக் கட்ட முடியாது என்பவர்களுக்கு இது ஒன்றே பதில்.

அதைவிடப் பெரிய பாடம் பின்னால் வந்தது. 1996இல் கிறிஸ் போர்டுமேன், கைகளை முன்னே நேராக நீட்டிப் படுத்தாற்போல் மிதித்து அதே ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு சங்கம், மெர்க்ஸ் காலத்து அமைப்பிலேயே, அதாவது உருண்டைக் குழாய், கம்பிச் சக்கரம், வளைந்த ஹேண்டில்பாரோடு மிதித்தால்தான் சாதனை என்று விதித்தது. அதே போர்டுமேன் 2000இல் அப்படி மிதித்தார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். இருபத்தெட்டு வருடத்தில் கூடியது வெறும் பத்து மீட்டர்! முன்பு கிடைத்த ஏழு கிலோமீட்டரில் பெரும்பங்கு உடம்பைக் காற்றுக்கு மறைத்ததால் வந்தது. சமதளத்தில் காற்றுதான் எதிரி. வேகம் இரட்டித்தால் அதன் தடை நான்கு மடங்காகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

இரண்டு: மெல்லிய டயர்தான் ஓடும்

பந்தயக்காரர்களே பல வருடம் இப்படித்தான் நம்பினார்கள். 23 மில்லிமீட்டர் டயரில் நூறு பவுண்டுக்கு மேல் காற்றை ஏற்றிக் கல் மாதிரி ஓட்டினார்கள். இன்று அவர்களே 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால் அகல டயர் தரையில் நீளமாக அமுங்குவதில்லை. அதனால் அதன் பக்கச்சுவர் குறைவாகவே நசுங்கி எழுகிறது, உழைப்பு வீணாவதும் குறைகிறது. மேடு பள்ளத்தில் இறுகிய டயர் குதிக்கும். மிதிக்கிற பலம் உடம்பைக் குலுக்குவதிலேயே போய்விடும்.

நம் ஊர் சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயர் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். அகலம் அதன் குறையே கிடையாது. ரப்பர் தடிமன்தான் குறை. மெல்லிய சுவருள்ள நல்ல டயர் போட்டால் அந்தச் சைக்கிளே வேறு மாதிரி ஓடும்.

மூன்று: இரும்பு நாளாக நாளாகச் சலித்துப்போகும்

இதுதான் என்னை அதிகம் வருத்தும் பேச்சு. ஒரு அளவுக்குக் கீழே சுமை இருந்தால் இரும்பு எத்தனை லட்சம் முறை குலுங்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லையே இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் அதன் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரும்புக்கு எதிரி இரண்டு: ஒன்று துரு, இன்னொன்று அவசரப்படும் கை.

ஒரு பால்காரருக்கு நான் கட்டிக்கொடுத்த பிரேம் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தது. குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் முன்பக்க லக்குக்கு அரை அங்குலம் தள்ளி, கீழ்க்குழாயில் நூல்போல ஒரு விரிசல். பித்தளை ஒட்டில் ஒரு குறையும் இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. குழாயும் லக்கும் செக்கச் சிவக்கும்போது, பூசிய வெண்காரம் கண்ணாடிபோல் உருகிப் பரவும். இன்னும் கொஞ்சம் சூடேறிச் சிவப்பு வெளுக்கத் தொடங்கும்போது பித்தளைக் கம்பியைத் தொட்டால், நெருப்பு போகும் பக்கமாகப் பித்தளை தானே இடுக்குக்குள் இழுபட்டுப் போகும். அங்கேயே நெருப்பை விலக்க வேண்டும். விலக்காவிட்டால் வெள்ளைப் புகை கிளம்பும். பித்தளையிலுள்ள துத்தநாகம் எரிவது அது. பக்கத்துக் குழாயும் வலு இழந்திருக்கும். அன்று நான் விலக்கத் தாமதித்திருக்கிறேன். தவறு என்னுடையது, இரும்பின் மேல் பழி போட முடியாது.

லக்கைச் சூடாக்கி, பழைய குழாயை உருவி, புதுக்குழாய் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். ஒரு பகல் வேலை. அதன் பிறகு அந்தச் சைக்கிள் பன்னிரண்டு வருடம் பால் சுமந்தது. கார்பனையும் ஒட்டலாம், ஆனால் உள்ளே எதுவரை பிரிந்திருக்கிறது என்று கண்ணால் காண முடியாது. இரும்பு பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: பெயின்டில் கோடு விழும், மிதிக்கும்போது முனகும்.

நான்கு: அந்த வடிவமே இன்றைக்கு ஆகாது

பந்தய சைக்கிளின் முன்குழாய் 73 டிகிரிக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். திருப்பினால் சட்டென்று திரும்பும். நம் சைக்கிளில் அது நன்றாகச் சாய்ந்திருக்கும், சக்கரங்களுக்கு நடுவே தூரமும் அதிகம். அதனால்தான் பின்னால் அரிசி மூட்டையும் ஹேண்டில்பாரில் பையுமாக, ஒரு கையை விட்டு ஓட்டினாலும் ஆடாமல் நேராகப் போகிறது. கட்டியவர்கள் தெரிந்தே வைத்த சாய்வு அது.

அந்த வடிவம் என்ன செய்யும் என்பதைப் புதுக்கோட்டையில் பார்த்தேன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் மிதிக்க வந்தார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் அந்தப் பார் கம்பி. அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அதுவரை அந்தக் கம்பியை நான் பிரேமின் பலத்துக்கான குழாயாக மட்டுமே நினைத்திருந்தேன். அதன் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்து, பின்னால் தண்ணீர்க் குடத்தோடு தாய் மிதித்துப் போனதைப் பார்த்த நாளிலிருந்து, அந்த ஒட்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வைத்தேன்.

புதிதில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பழைய கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். இன்றைய பிரேக் உயிர் காக்கும். மேடு ஏறக் கியரும், டயரைத் தேய்க்கும் டைனமோ தேவைப்படாத விளக்கும் வேண்டியவையே. அவற்றில் பலவற்றைப் பழைய பிரேமிலும் பொருத்திக்கொள்ளலாம்.

ஆகவே அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுச் சைக்கிளை ஒருநாள் வெளியே எடுங்கள். லக்குகளைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக் கம்பியை உருவி, குழாய்க்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, டயர் போடுங்கள். பத்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து பிறகு பேசலாம். பழைய இரும்புக் கடைக்காரருக்குத்தான் சைக்கிள் இத்தனை கிலோ. மிதிக்கிற நாம் அது இதுவரை எத்தனை பேரைச் சுமந்தது, இனி எத்தனை பேரைச் சுமக்கும் என்று பார்க்க வேண்டும்.